சிப்பி வெள்ளை

கல்யாணமான முப்பத்தைந்து வருஷத்தில் கிளெனிஸுக்கு ஒன்பது வீடுகள் வாய்த்தன, ஒன்றுகூட அவளுடையதில்லை. புருஷன் மெர்வ் போலீஸ்காரன். கோதுமை விளைகிற ஊர், ஆடு மேய்கிற ஊர், மரம் அறுக்கிற ஊர் என்று விக்டோரியா மாநிலத்தில் எங்கெல்லாம் ஒரு ஸ்டேஷனும் அதை ஒட்டி ஒரு குவார்ட்டர்ஸும் இருந்தனவோ, அங்கெல்லாம் அவனை மாற்றினார்கள். குவார்ட்டர்ஸ் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். சமையலறைக்கு இலாகா பச்சை. படுக்கையறைக்கு முன்னால் குடியிருந்தவர் மீதம் வைத்துப் போன ரோஸ். கக்கூஸ் கதவு மட்டும் ஏனோ நல்ல சிவப்பு. தீயணைப்பு வண்டிக்கு வாங்கியதில் மிஞ்சியது என்று கேள்வி. ஊயென் என்ற ஊரில் அவள் தைத்த திரைச்சீலை அடுத்த ஊரான காஸ்டர்டனில் ஜன்னலுக்கு ஒரு சாண் குட்டையாகப் போயிற்று. கீழே வேறு துணி ஒட்டுப்போட்டாள். ஆர்பாஸ்டுக்குப் போனபோது ஒரு சாண் நெட்டை; மடித்துத் தைத்தாள். கடைசியில் அந்தத் திரைச்சீலையைப் பார்த்தே மெர்வ் எங்கெங்கே வேலை பார்த்தான் என்று சொல்லிவிடலாம் என்றாயிற்று.

அந்த வருஷங்களில் அவள் ஒரு நோட்டு வைத்திருந்தாள். பத்திரிகைகளில் வரும் வீட்டுப் படங்களை வெட்டி ஒட்டுவாள், துணிக்கடையில் கெஞ்சி வாங்கிய மாதிரித் துண்டுகளைப் பக்கத்திலேயே குத்தி வைப்பாள். என்றைக்காவது சொந்த வீடு என்று ஒன்று வந்தால், வாசலிலிருந்து கொல்லை வரை ஒரே மனசு போட்ட கோலம் மாதிரி இருக்க வேண்டும். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போனால் அக்காள் வீட்டிலிருந்து தங்கை வீட்டுக்குப் போன மாதிரி இருக்க வேண்டும். ஊர் மாற்றலாகி வந்த மாதிரி இருக்கக் கூடாது.

நோட்டைக் காட்டி மெர்விடம் அபிப்பிராயம் கேட்டால் ஒரே பதில்தான். "உனக்குப் பிடிச்சா எனக்கும் சரிதான், கிளென்."

முதல் சில வருஷம் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டாள். பத்தாம் வருஷம் சோம்பேறித்தனம் என்று தோன்றிற்று. இருபதாம் வருஷத்துக்கு மேல் கேட்பதையே விட்டுவிட்டாள். கிணற்றில் போட்ட கல்லிடம் எத்தனை தரம்தான் கேட்பது.

மெர்வ் ஓய்வு பெற்றதும் மெல்போர்னுக்குத் தெற்கே மோர்டியாலக்கில், கடற்கரைக்கு நாலு தெரு தள்ளி, ஒரு பழைய செங்கல் வீட்டை வாங்கினார்கள். கூரையும் சாக்கடையும் இரண்டு வருஷத்தைத் தின்றன. மூன்றாம் வருஷம் கிளெனிஸ் நோட்டைத் திறந்தாள். எட்டு விதமான வெள்ளையைச் சுவரில் திட்டுத் திட்டாகப் பூசி, காலையிலும் மத்தியானத்திலும் மேகம் போட்டபோதும் பார்த்துப் பார்த்து, டப்பாவில் 'சிப்பி வெள்ளை' என்று பெயர் எழுதியிருந்ததைத் தேர்ந்தெடுத்தாள். சுவர், கூரை, கதவு, கதவுச் சட்டம், அலமாரி எல்லாம் சிப்பி வெள்ளை. தரைவிரிப்பு அதற்கு ஒரு சாயல் கூட. சோபா அதற்கு ஒரு சாயல் குறைவு. கோப்பை, தட்டு, துண்டு, விளக்குக் குடை, குளியலறைச் சோப்பு வரை அதே குடும்பம். முடித்து நிமிர்ந்தபோது வருஷம் ஒன்று ஓடியிருந்தது. அவளுக்குத் தோள்பட்டை ஒன்று போயிருந்தது. ஆனால் முன்வாசலில் நின்று பார்த்தால் வீடு கடைசிச் சுவர் வரை ஒரே மூச்சாக ஓடியது. அவள் தனியாக நின்று கொஞ்சம் அழுதாள். பிறகு மெர்வைக் கூப்பிட்டாள்.

அவன் வந்து நின்றான். நேரே பார்க்காமல் ஒருபக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு," என்றான்.

"நல்லாத்தான்னா?"

"நல்லா இருக்கு."

அவ்வளவுதான். முப்பத்தைந்து வருஷம் காத்திருந்து கட்டிய சோற்று மூட்டையைப் பிரித்து வைத்தால், ஆள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இந்த வீடு அவனுக்கும் வீடாக வேண்டும், இங்கே அவன் கால் நீட்டி உட்கார வேண்டும், இதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. வேறு எதற்கும் அவள் ஆசைப்படவில்லை.

மிச்சம் இருந்தது பழைய சாமான்கள். அவற்றுக்கும் ஒரு நாள் வந்தது. வருஷத்துக்கு ஒரு தரம் கவுன்சில் வண்டி தெருத் தெருவாக வந்து பெரிய குப்பைகளை அள்ளிப் போகும். அதற்கு முந்தின சனி ஞாயிறில் ஜனங்கள் கட்டில், மெத்தை, ஓடாத துணி துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் வீட்டு முன்னால் உள்ள புல்தரையில் கொண்டுவந்து வைப்பார்கள். வைத்த மறுநிமிஷம் அது ஊர்ச் சொத்து. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், கேட்க வேண்டியதில்லை. ஆனால் திரும்பக் கேட்கவும் கூடாது. மரியாதைப்பட்ட மனிதர்கள் வண்டியை நடைவேகத்தில் ஓட்டிக்கொண்டு, நாலு வீடு தள்ளி யாருக்கோ காத்திருப்பது போல் பாவனை செய்து நிற்பார்கள்.

கிளெனிஸும் மெர்வும் ஒன்பது குவார்ட்டர்ஸின் மிச்சத்தை வெளியே சுமந்தார்கள். பச்சை மேஜை, கறுப்பு ஸ்டூல், ஊதா மெத்தைகள், அந்தத் திரைச்சீலை. கடைசியாக மெர்வின் சாய்வு நாற்காலி. ஆரஞ்சு நிற ரெக்சின். கண்ணை மூடிக்கொண்டாலும் அந்த ஆரஞ்சு தெரியும். அதை வைத்துவிட்டு உள்ளே வந்து கெட்டிலைப் போட்டாள். தண்ணீர் கொதிப்பதற்குள், எதிர்வீட்டு இத்தாலியக் கிழவர் நுன்ஸியோ அதைத் தலைகீழாகத் தன் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு தெருவைக் கடப்பது ஜன்னலில் தெரிந்தது. எழுபத்தைந்து வயது, பெண்டாட்டி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம், வீடு நிறைய ஊரார் தூக்கிப்போட்டது. இரண்டு நாற்காலி ஒன்றுபோல் அந்த வீட்டில் கிடையாது.

அதற்கு மறுநாளிலிருந்து மெர்வ் நுன்ஸியோ வீட்டு வராந்தாவில் குடியேறிவிட்டான்.

காலையில் காபிக்குப் போவான். மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடியும் போவான். தன் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்து, கிழவரோடு ரேடியோவில் கால்பந்து கேட்பான். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். இங்கே மெர்வுக்கு அக்கரை ஆரஞ்சு. கிளெனிஸ் சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பாள். அடுப்பு எரிந்ததோ இல்லையோ, அவள் வயிறு எரிந்தது.

வீட்டில் இருக்கிற நேரத்திலும் அவன் வேண்டுமென்றே செய்வது போலத்தான் செய்தான். டீ ஊற்றினால் பாதி கோப்பையில், பாதி மேடையில். பாதி திறந்திருந்த கதவில் நெற்றியை இடித்துக்கொண்டான். அவள் பேசும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் காதுக்கு அந்தப்பக்கம் எங்கேயோ பார்த்தான். ஒரு வெள்ளிக்கிழமை அவளே மீன் வாங்கி, வெண்ணெய்ச் சாறு வைத்து, மசித்த உருளைக்கிழங்கும் காலிஃபிளவரும் புதுத் தட்டில் அழகாகப் பரிமாறினாள். அவன் முள்கரண்டியால் இங்கொரு குத்து, அங்கொரு குத்து குத்திவிட்டு, பாதிக்கு மேல் அப்படியே வைத்து எழுந்துவிட்டான்.

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா இருந்துது. வயிறு நெறைஞ்சிருச்சு."

மறுநாள் மத்தியானம் பார்த்தால், எதிர்வராந்தாவில் தக்காளிச் சாறு ஊற்றிய பாஸ்தாவைத் தட்டோடு வழித்துக்கொண்டிருக்கிறான். அன்றைக்கு அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவனிடம் இனிப் பேசுவதில்லை என்று தீர்மானம் செய்தாள். நாலு மணிக்கு வாசல் கேட் சத்தம் கேட்டதும், நடையில் சுவரோடு ஒட்டிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வரட்டும், தானாக என்ன சொல்கிறான் பார்ப்போம்.

மெர்வ் உள்ளே வந்தான். அவளைக் கடந்தான். கை நீட்டினால் தொட்டுவிடலாம், அத்தனை கிட்டே கடந்தான். நடைக்கோடியில் குளியலறைக் கதவின் கொக்கியில் அவளுடைய வெள்ளை வீட்டு அங்கி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் போய் நின்றான்.

"கிளென்," என்றான் அந்த அங்கியிடம். "கோவிச்சுக்கிட்டிருக்கியா? வீடு நெஜமாவே அழகா இருக்கு. எனக்குச் சொல்லத் தெரியல, அவ்வளவுதான். கொஞ்சம் பேசும்மா."

அங்கி பேசவில்லை. அவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு கையை நீட்டி அதன் தோளைத் தொட்டான். துணி கையோடு வந்துவிட்டது.

அவன் அங்கியைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தான். திருட்டு வண்டியோடு பிடிபட்டவன் அப்படித்தான் நிற்பான். அவனே எத்தனையோ பேரை அந்த மாதிரி பார்த்திருக்கிறான்.

"மெர்வ்," என்றாள் பின்னாலிருந்து. "நான் இங்க இருக்கேன்."

சமையல் மேஜையில் உட்கார வைத்துக் கேட்டாள். விசாரணை என்றால் அவனுக்குத்தான் பழக்கம். ஆனால் அன்றைக்கு அவள்தான் இன்ஸ்பெக்டர்.

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. பார்வை நடுவுல மட்டும்தான் போச்சு. ஓரமெல்லாம் தெரியுது. நேரா பாத்தா உன் முகம் இருக்கிற எடத்துல ஒரு கறை. கொஞ்சம் தள்ளிப் பாத்தா நீ வந்துடுற."

காதுக்கு அந்தப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது தன்னைத்தான் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"டாக்டர்?"

"பாத்தேன். இதுக்கு மருந்து இல்லைன்னுட்டாரு. வண்டி ஓட்டாதீங்கன்னாரு, நிறுத்திட்டேன்."

"முட்டி வலின்னு சொன்ன."

"முட்டியும் கொஞ்சம் வலிக்கத்தான் செஞ்சுது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவன் தன் இரண்டு கண்ணையும் மறைத்திருக்கிறான், அதுவும் கட்டின பெண்டாட்டியிடமிருந்து, ஒரே கூரைக்குக் கீழே. கிளெனிஸுக்கு அவனை அடிக்கலாம் போல இருந்தது. கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

"ஏன்டா சொல்லல?" என்றாள். அவனை அவள் அப்படிக் கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"அப்பத்தான் நீ மொத டப்பாவைத் தொறந்திருந்த. சொன்னா மூடி வச்சிருவ. எனக்காக இன்னும் எத்தனை வருஷம் மூடி வைப்ப? ஒம்போது வீடு மூடி வச்சது போதாதா?"

"பழைய வீட்டுச் சாமான்ல எல்லாம் தெரிஞ்சுதா உனக்கு?"

"பச்சை தெரிஞ்சா மேஜை. கறுப்பு தெரிஞ்சா ஸ்டூல். ஆரஞ்சு தெரிஞ்சா உக்காரலாம். இப்ப..." அவன் கையை வீசி வீட்டைக் காட்டினான். "பால்ல விழுந்த மாதிரி இருக்கு, கிளென். கதவா சுவரான்னு தடவித் தடவித்தான் போறேன். போன வாரம் கக்கூஸ்னு நெனச்சு துணி அலமாரியைத் தொறந்துட்டேன். நல்லவேளை, முதல்ல கையை விட்டுப் பாத்தேன்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அவன் எழுந்து வர முயன்றான், நடுவில் வெள்ளை நாற்காலி இருந்தது, இடித்துக்கொண்டான்.

மறுநாள் காலை அவள் நேரே எதிர்வீட்டுக்குப் போனாள். வராந்தாப் படியில் நின்று, "நுன்ஸியோ, அந்த நாற்காலி எனக்குத் திரும்ப வேணும்," என்றாள்.

"புல்லுல வச்சதைத் திரும்பக் கேக்குறதா? சிஞோரா, நீங்க போலீஸ்காரர் பெண்டாட்டி. சட்டம் தெரிஞ்சவங்க," என்றார் கிழவர். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ரேடியோவை நிறுத்தினார். "சார்ஜென்ட் சொல்லிட்டாரா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"யாரும் எங்கிட்ட சொல்லல. ஒருநாள் வெள்ளைச் சாஸ் வச்சு பாஸ்தா போட்டேன். தட்டும் வெள்ளை. மனுஷன் தட்டைச் சுத்திச் சுத்தி வந்தாரு, ஒரு வாய் ஏறல. மறுநாள் தக்காளி போட்டேன். ரெண்டு தட்டு காலி. நான் சமைக்கிறது அப்படி ஒண்ணும் பிரமாதம் இல்ல, அது எனக்கே தெரியும்." அவர் தோளைக் குலுக்கினார். "நாற்காலியை எடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா அது ஒண்ணு போதுமா?"

போதாதுதான். வெள்ளைத் தட்டில் வெள்ளை மீனைப் பரிமாறிவிட்டு அவனை முறைத்தது தெருவைக் கடக்கும்போது அவளுக்கு நினைவு வந்தது.

வீட்டுக்கு வந்தவள் ஒரு காரியம் செய்தாள். மெர்வ் குளிக்கப் போயிருந்தான். தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இரண்டு கண்ணாடியின் நடுவிலும் வாஸலின் களிம்பை நன்றாக அப்பிப் போட்டுக்கொண்டு முன்வாசலில் போய் நின்றாள். போன மாதம் எந்த இடத்தில் நின்று அழுதாளோ அதே இடம். அங்கே வீடு இல்லை. மூடுபனிதான் இருந்தது. நடையில் எட்டு கதவு உண்டு என்று மனசுக்குத் தெரியும். கண்ணுக்கு ஒன்று கூட இல்லை. நாலு எட்டு வைப்பதற்குள் சின்ன மேஜையில் முழங்காலை மோதிக்கொண்டாள். சோபா எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல், தன் சொந்தக் கூடத்தில், தானே தேர்ந்தெடுத்த விரிப்பின்மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். நோட்டில் ஒட்டிய படம் ஒன்றில்கூட யாரும் நடந்து போகவில்லை என்பது அவளுக்கு அப்போது உறைத்தது. எல்லாம் ஆளில்லாத வீடுகள்.

மெர்வ் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். "ஏன் கீழ உக்காந்திருக்க?"

"எல்லாத்தையும் மாத்தப்போறேன். ஒரு அறைக்குப் பச்சை, ஒண்ணுக்கு மஞ்சள், பழையபடி."

"வேணாம்."

"உனக்காகத்தான்..."

"எனக்காகத்தான் வேணாங்கறேன்," என்றான். அவன் குரல் உயர்ந்து அவள் கேட்டது குறைவு. "எனக்காகன்னு சொல்லி இன்னொரு குவார்ட்டர்ஸ் பண்ணாத. டாக்டர் சொன்னாரு, ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒரு பொண்ணு வந்து, எங்கெங்க இடிச்சுக்குவனோ அங்கெல்லாம் மஞ்சப் பட்டை ஒட்டிட்டுப் போவாளாம். கொலை நடந்த எடத்துல நாங்க கட்டுவோமே, அது மாதிரி. அதுக்குப் பயந்துதான் நான் அவங்களை இந்தப் பக்கமே கூப்பிடல. உன் வீட்டை நான் அப்படிப் பண்ண மாட்டேன்."

"என் வீடா?" என்றாள் கிளெனிஸ். அவளுக்குச் சுருக்கென்றது. "அப்ப நீ யாரு, வாடகைக்கு இருக்கியா?"

அவன் துண்டை நாலாக மடிக்க ஆரம்பித்தான்.

அன்று முழுக்க அவள் யோசித்தாள். நோட்டை எடுத்துப் புரட்டினாள். எங்கோ ஒரு பக்கத்தில், இருபது வருஷத்துக்கு முன் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தாள்: எல்லா அறையிலும் ஒரே ஒரு நிறம் திரும்பத் திரும்ப வர வேண்டும், அதுதான் வீட்டைக் கட்டிப் போடும் கயிறு. அந்த ஒரு நிறம் சிப்பி வெள்ளை என்று அவள் நினைத்திருந்தாள். ஆனால் வெள்ளை வெறும் தரைதானே. கோலத்தையே அவள் இன்னும் போடவில்லை.

மறுநாள் பெயிண்ட் கடைக்குப் போய், சின்னச் சின்ன மாதிரி டப்பாக்களாக, இருப்பதிலேயே அடர்த்தியான ஐந்து நிறம் வாங்கிவந்தாள். அட்டையில் ஒவ்வொன்றையும் ஒரு பட்டையாகப் பூசிக் காயவைத்து, மெர்வைக் கூடத்தின் இந்தக் கோடியில் நிறுத்திவிட்டு, அந்தக் கோடியில் சுவரோடு சேர்த்து ஒவ்வொன்றாகப் பிடித்தாள்.

"எது?"

"எதுன்னாலும் நல்லாத்தான்..."

"அந்த வார்த்தையை இன்னொரு தரம் சொன்னா டப்பா பறந்து வரும். உன் கண்ணுக்கு வரும்போது நிறம் தெரியாது, ஆனா அடி தெரியும்."

மெர்வ் வாயை மூடிக்கொண்டான். கழுத்தைச் சாய்த்து, ஒருபக்கமாகப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"மொதல்ல பிடிச்சது பழுப்பு. அது தெரியுது, ஆனா சகதி மாதிரி இருக்கு. வேணாம். ரெண்டாவது பச்சையா?"

"ஆமா."

"பச்சை வேணவே வேணாம். ஒம்போது வீட்டுச் சமையலறைப் பச்சையும் எனக்கு ஆகாது. சாப்பிட உக்காந்தா ஜெயில்ல உக்காந்த மாதிரி இருக்கும்."

கிளெனிஸ் கையில் இருந்த அட்டையை இறக்கினாள். "முப்பத்தஞ்சு வருஷமா ஆகாதா? ஒரு தரம் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மாத்தியிருக்க முடியுமா? இலாகா பெயிண்ட். உனக்கும் ஆகாதுன்னு தெரியும். ரெண்டு பேரும் சேர்ந்து அழறதுக்கு, ஒருத்தராவது சரின்னு சொல்லிட்டா போச்சுன்னு இருந்தேன்."

இதைச் சொல்ல ஒரு மனுஷனுக்கு இத்தனை வருஷம். அவள் அடுத்த அட்டைகளைத் தூக்கிப் பிடித்தாள். நாலாவது அட்டை நீலம். எழுதுகிற மை பாட்டிலில் இருக்குமே, அந்த அடர்நீலம்.

"அது," என்றான் மெர்வ். "அது அங்க நிக்குது. எனக்குப் பிடிச்சிருக்கு."

பிடித்திருக்கிறதா என்று அவள் கேட்கவில்லையே. அவனாகச் சொன்னான்.

ஆறு வாரம் வேலை நடந்தது. கிளெனிஸ் ஒரு சட்டம் போட்டாள்: கை பிடிக்க வேண்டியது, கால் நிற்க வேண்டியது, இரண்டும் நீலம், மற்றதெல்லாம் வெள்ளை. எட்டுக் கதவுச் சட்டமும் நீலம். குமிழ், விளக்குச் சுவிட்சைச் சுற்றி ஒரு கட்டம், மேஜை விளிம்பு, சமையல் மேடையின் ஓரம், படியின் முனை, சுவரடிப் பலகை, எல்லாம் அதே நீலம். கக்கூஸ் கதவு மட்டும் முழுக்க நீலம். அதில் சந்தேகத்துக்கு இடம் வைக்க அவள் விரும்பவில்லை. நாற்காலிகளுக்கு நீல உறை, சோபா முனைக்கு நீலக் கரை, தட்டுகளும் கோப்பைகளும் நீலம். பழைய வெள்ளைத் தட்டெல்லாம் அடுத்த வருஷக் குப்பைக்குக் காத்திராமல் நுன்ஸியோ வீட்டுக்குப் போயின. ஆரஞ்சு நாற்காலி அவரிடமே இருக்கட்டும் என்று மெர்வ் சொல்லிவிட்டான்.

உப்புத்தாள் தேய்க்கிற வேலை அவனுடையது. பூசுகிறவள் கண்ணுக்குத் தப்பின பிசிறு அவன் விரலுக்குத் தப்பவில்லை. "இங்க ஒரு சொட்டு வழிஞ்சிருக்கு," "இந்த மூலை சரியா வரல, மறுபடி பூசு," என்று நாள் முழுக்கக் குறை சொல்லிக்கொண்டே இருந்தான். எந்த ஆசாரியிடமாவது அவள் இத்தனை பேச்சு வாங்கியிருந்தால் வெளியே அனுப்பியிருப்பாள். இவனிடம் வாங்க வாங்க அவளுக்கு உடம்பே லேசாயிற்று.

முடிந்த அன்று வாசலில் நின்று பார்த்தாள். நீலக் கோடு முன்கதவில் தொடங்கி, நடையில் கதவுக்குக் கதவு ஏறி இறங்கி, கூடத்தைச் சுற்றி, சமையலறை வழியாகப் பின்படி வரை அறுபடாமல் போனது. முன்பு வீடு அழகாக மட்டும் இருந்தது. இப்போது ஒன்றாக இருந்தது. கண்ணாடியில் வாஸலின் களிம்பைத் தடவிக்கொண்டு ஒரு சுற்று வந்து பார்த்தாள். எங்கும் இடிக்கவில்லை.

மெர்வ் சமையலறையில் தானே டீ ஊற்றிக்கொண்டிருந்தான். மேடையில் ஒரு சொட்டு சிந்தவில்லை. நீல நாற்காலியில் போய் உட்கார்ந்து காலை நீட்டினான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள். கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தாள், வாய் கேட்டுவிட்டது.

"ஒண்ணு சரியில்ல."

"என்ன சரியில்ல? எந்த மூலை?"

"மூலை இல்ல. நீதான்." அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "உன் சட்டை, ஸ்வெட்டர், எல்லாம் சுவரு நெறம். வீட்ல அத்தனையும் எங்க இருக்குன்னு தெரியுது. உன்னை மட்டும்தான் தேட வேண்டியிருக்கு. எனக்கு அது பிடிக்கல, கிளென்."

அவள் கடைக்கு ஓடிப் போய்ச் சாயப் பொட்டலம் மூன்று வாங்கிவந்தாள். துணி துவைக்கும் தொட்டியில் வெந்நீரை நிரப்பி, ஸ்வெட்டர் இரண்டு, கவுன் நாலு, கடைசியாக வீட்டு அங்கி என்று தன்னுடைய வெள்ளையையெல்லாம் முக்கினாள். முழங்கை வரை நீலம் ஏறிற்று. அழுதாளா என்றால் அழுதாள்; தொட்டியில் அதுவும் கலந்தது.

மறுநாள் கொடியில் காய்ந்ததில் ஒரு கவுனை எடுத்து உடுத்திக்கொண்டு பின்கதவு வழியாக உள்ளே வந்தாள். மெர்வ் கூடத்தின் அந்தக் கோடியில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான். அவள் கூப்பிடவில்லை. வாசற்படியிலேயே நின்றாள்.

அவன் தலை நிமிர்ந்தது. கழுத்தைக் கொஞ்சம் சாய்த்தான். ரேடியோவை நிறுத்தினான்.

"அங்கயே நில்லு," என்றான். "நான் வரேன்."

எழுந்தான். கையைச் சுவரில் வைக்காமல், இரண்டு கையையும் முன்னால் நீட்டாமல், நேராக நடந்து வந்தான்.